எங்கள் விடுதி மதிலுக்கு உயிர் வந்த வாரம்

மதில் என்றால் கல்லாகத்தான் இருக்க வேண்டும், உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவள் வெளியே பார்க்கக் கூடாது, வெளியே இருப்பவன் உள்ளே பார்ப்பதற்கு மட்டும் வசதியாக ஒரு செங்கல் பெயர்ந்திருக்க வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள், பெண்கள் விடுதியின் மதிலும் அவர்கள் நினைப்பை மீறாமல் வெகுகாலம் நின்றது. ஆனால் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி எப்போதும்போல மதிலில் முதுகைச் சாய்த்துக் கொட்டாவி விட்டபோது, மதில் நுங்கு மாதிரிக் குழைந்து அவரைத் தோள்வரை வாங்கிக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று யோசித்ததுபோல மெல்ல வெளியே தள்ளியது.

யாரும் அலறவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மெஸ்ஸில் பொங்கல், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். வார்டன் ஹெப்சிபா மேடம் மட்டும் பல் துலக்கிய பிரஷ்ஷோடு வந்து, மதிலை ஒரு விரலால் குத்திப் பார்த்து, அது குலுங்கி அடங்கும்வரை பொறுத்திருந்து, கேட்டது ஒரே கேள்விதான்.

"இதுக்கு யார் பெர்மிஷன் கொடுத்தது?"

பெர்மிஷன் கொடுத்தவர் யாருமில்லை என்பதால், மதில் அப்படி ஆகவில்லை என்றே அன்று மதியம்வரை அலுவலகக் கணக்கில் இருந்தது.

அது என்ன ஜாதி வஸ்து என்று முதலில் சொன்னவள் என் அறைத்தோழி உச்சிமாகாளி. விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். மதிலோடு கன்னத்தை ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏட்டி சந்தனம், இது செல் சவ்வுட்டி. அப்படியே புஸ்தகத்துல உள்ளது. செங்கல் ஒவ்வொண்ணுக்கும் உருண்டையா ஒரு தலை, கீழ ரெண்டு வாலு. தலைக்குத் தண்ணின்னா உசுரு, வாலுக்குத் தண்ணின்னா ஆகாது." எனக்குப் பாடம் பொருளாதாரம், ஆனால் எனக்கே விளங்கியது. பொங்கலுக்கு ஊர் போகும்போது ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் எதிரெதிராகப் படுத்துக் காலோடு கால் இடிக்கப் போவோமே, அப்படி இரண்டு வரிசைச் செங்கல்கள், ஒரு வரிசைக்குத் தலை தெருப்பக்கம், இன்னொரு வரிசைக்குத் தலை எங்கள் பக்கம், வால்கள் எல்லாம் நடுவில் ஈரம் படாமல் ஒளிந்துகொண்டிருந்தன, யாரும் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி வழுக்கி இடம் மாறிக்கொண்டும் இருந்தன.

அதே காலையில்தான் உச்சிக்கு ஊரிலிருந்து அவள் தாய்மாமா வன்னியப்பெருமாளின் போன் வந்தது. வெள்ளிக்கிழமை வேனோடு வருகிறாராம், சனிக்கிழமை நிச்சயதார்த்தம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக அரிசி ஆலை, பெண் எம்.எஸ்ஸி. பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை உச்சிக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. அதற்குப் போகாவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவள் வாங்கி வைத்திருந்த இடமும் இல்லை. நான் அவளை இழுத்துக்கொண்டு வார்டனிடம் போனேன்.

"கார்டியன் வந்து கேட்டா அனுப்பணும். அதான் ரூல்" என்றார் மேடம்.

"பரீட்சை இருக்கே மேடம்?"

"பரீட்சை வேற ரூல்."

"ரெண்டு ரூலும் மோதினா எது பெருசு மேடம்?"

"நீ வாதாடுறதுக்குன்னே பொறந்தவளாட்டி? போ, போய்த் தலைக்கு எண்ணெய் வை, பரட்டையா அலையுத."

இந்த எண்ணெய் விஷயம் முக்கியம். எங்கள் விடுதியில் படிக்காதவள் இருக்கலாம், எண்ணெய் வைக்காதவள் இருக்கக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிக்க வேண்டும், வழியவழிய வைத்து வாரிப் பின்ன வேண்டும், ஷாம்பு போட்டுக் கூந்தலைப் பறக்கவிடுகிறவள் படிக்க வந்தவள் இல்லை, பறக்க வந்தவள். அப்படித்தான் அன்றைக்கும் எண்ணெய் மினுங்கும் தலையோடு வேதியியல் படிக்கும் ஒருத்தி கிணற்றடியில் துணி உலர்த்தக் கயிறு கட்டப்போய், கால் இடறி மதில்மேல் விழுந்து, மறுபக்கம் தெருவில் போய் எழுந்து நின்றாள். மதிலில் ஓட்டையும் இல்லை, அவள் மேல் கீறலும் இல்லை. தெருவில் பதநீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பி வந்தாள்.

"அதான பாத்தேன்" என்றாள் உச்சி. "கொழுப்புல கரையறது எதுவும் இதுட்ட கேக்க வேண்டாம், நேரா போயிட்டே இருக்கலாம்."

அன்று மாலைக்குள் விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் கூந்தல் வளர்ப்பில் திடீரென்று அக்கறை பிறந்தது. தலை முதல் உள்ளங்கால்வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, எங்கே வேண்டுமோ அங்கே மதிலுக்குள் நுழைந்து, ஒருத்தி நூலகத்துக்குப் போனாள், ஒருத்தி புரோட்டா சாப்பிடப் போனாள், ஒருத்தி எங்கும் போகாமல் தெருவில் சும்மா நின்றுவிட்டு, "நல்லா இருக்குட்டி, சும்மா நிக்கது" என்று வந்து சொன்னாள். புதன்கிழமை காலை வார்டன் அறிவிப்புப் பலகையில் எழுதினார்: விடுதி மாணவிகள் எண்ணெய் வைப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.

நான் விடுவேனா?

"நேத்து வரைக்கும் எண்ணெய் வைக்கலன்னா ஒழுக்கம் இல்ல. இன்னைக்கு எண்ணெய் வச்சா ஒழுக்கம் இல்ல. ஒழுக்கம்ங்கது எங்க தலைல இருக்கா, உங்க பலகைல இருக்கா மேடம்?"

"ரெண்டுலயும் இல்ல, மதில்ல இருந்துச்சு. அது இப்படி ஆயிட்டு. நான் என்ன செய்யட்டும், சொல்லு?" என்றார் அவர். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்த்தால் வாதம் நிற்காது என்பதால் நான் பார்க்கவில்லை. பெட்டிகளைச் சோதித்து எண்ணெய்ப் பாட்டில்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மெஸ்ஸில் தோசை கல்லை விட்டு வர மறுத்தது.

மற்றபடி மதில் எங்களோடு பழகிவிட்டது, நாங்களும் மதிலோடு பழகிவிட்டோம். காற்று வேண்டியமட்டும் வந்தது, இத்தனை நாளும் எங்களுக்குத் தெரியாமல் பக்கத்தில் ஓடிய ஆற்றின் வாசனை வந்தது, தண்ணீர் தனக்கென்று இருந்த ஊசிவாசல்களில் ஒற்றை வரிசையாகப் பணிவோடு வந்தது. மின்னேற்றம் உள்ளதை மட்டும் அது எப்படிக் கெஞ்சினாலும் சும்மா விடாது, ஆகவே செல்போனை வெளியே கொண்டுபோகிறவள் முதலில் பேட்டரி சாகும்வரை அம்மாவோடு பேச வேண்டியிருந்தது. மதிலில் யாரோ கரியால் எழுதியிருந்த 'ஜான்சி, நீ இல்லாமல் நான் இல்லை' என்ற வாசகம் வழுக்கிக்கொண்டே போய் வார்டன் குடியிருப்பின் ஜன்னலுக்கு நேராக நின்றது, இரண்டு நாள் அங்கேயே நின்றது, மேடம் அதை அழிக்கச் சொல்லவில்லை.

மதிலின் வாசல் கேட்டும் நிலையாக ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் கிழக்கே இருக்கும், மதியம் மெஸ்ஸுக்குப் பின்னால் போய்விடும், சுடலைமுத்து அண்ணாச்சி நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுவார். கேட்டுக்கு ஒரு பிடிவாதமும் வந்திருந்தது: மூன்று பேரை வெளியே தள்ளினால்தான் இரண்டு பேரை உள்ளே எடுக்கும், ஒவ்வொரு முறை திரும்புவதற்கும் அண்ணாச்சி ஒரு டீயும் உளுந்தவடையும் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் அவரும் நகரமாட்டார் அதுவும் நகராது. மூன்று போய் இரண்டு வந்தால் உள்ளே எப்போதும் ஒரு குறை இருக்கும் அல்லவா, அந்தக் குறையால் விடுதிக்குள் ஒரு விறுவிறுப்பு ஏறியது, தொட்டால் சுள்ளென்று அடிக்கிற மாதிரி. மெஸ் கமிட்டித் தேர்தலுக்கு ஆள் கிடைக்காத விடுதியில் ஒரே பதவிக்கு ஒன்பது பேர் மனு கொடுத்தார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. கட்டடப் பொறியாளர் தட்டிப் பார்த்து "ஓதம், ஈரம் ஏறியிருக்கு" என்றார். தாவரவியல் துறைத்தலைவர் மோந்து பார்த்து, இதில் செல்லுலோஸ் இல்லை, ஆகவே எங்கள் துறைக்கு வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார். விலங்கியல் துறைத்தலைவர் இது எங்கள் துறைதான், ஆனால் இந்த அளவில் பாடத்திட்டத்தில் இல்லை என்றார். குழுவின் தலைவர் மட்டும் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: இது யாரை விடும், யாரை விடாது? உச்சிமாகாளி எழுந்து நின்று சொன்னாள்: "சார், உள்ள இருக்கதுக்கு எது தேவையோ அதை விடும்." தலைவர் தலையை ஆட்டி, "அப்போ இது மதிலே இல்ல" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வன்னியப்பெருமாள் மாமா வந்தார்.

கஞ்சி போட்ட வேட்டி, முறுக்கிய மீசை, பெருமாள் படம் ஒட்டிய வேன், வேனுக்குள் தாம்பூலத்தட்டுகள், வாழைத்தார், மல்லிகைப்பூக் கூடை, டிரைவர், எல்லாவற்றுக்கும் பின்னால் கூடையோடு கூடையாக உச்சியின் அம்மா பொன்னுத்தாய். புருஷன் செத்த நாளிலிருந்து வீட்டை எடுத்து நடத்துகிறவர் தம்பி என்பதால், தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவனையே அந்த அம்மா "தம்பி வாங்க, தம்பி போங்க" என்றுதான் பேசுவார் என்று உச்சி சொல்லியிருக்கிறாள்.

மதிலின் வெளிப்பக்கம் அதற்குள் சர்க்கரை இழைகள் முளைத்துப் பஞ்சுமிட்டாய் மாதிரிப் புசுபுசுவென்று ஆகியிருந்தது. வருகிறவர் தன்னவரா அயலாரா என்று அந்த இழைகள்தான் தடவிப் பார்க்கும். மாமாவையும் தடவிப் பார்த்தன. மீசையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, எறும்பு ஏறியது.

"எவன்வே இங்கன மிட்டாய்க்கடை போட்டிருக்கது?" என்று மாமா கையால் ஓங்கி அறைந்தார். அவர் உள்ளே வரவில்லை, அறை மட்டும் வந்தது. ஒரு செங்கல் இன்னொன்றிடம் சொல்லி, அது ஜன்னலிடம் சொல்லி, ஜன்னல் கட்டிலிடம் சொல்லி, மாடியில் எங்கள் அறையில் உச்சி உட்கார்ந்திருந்த நாற்காலிவரை அந்த அதிர்வு வந்து சேர்ந்தது. அவள் கையில் இருந்த நோட்டை மூடினாள்.

"வந்துட்டாவ" என்றாள்.

கீழே மாமா வழி கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் கேட் அப்போது தெற்கே போயிருந்தது, அண்ணாச்சி வடைக்குப் போயிருந்தார். பொறுமை இழந்த மாமா, "ஓட்டுல வண்டிய, பஞ்சுதான!" என்று டிரைவரை அதட்டினார். வேன் சீறிக்கொண்டு வந்து மோதியது. மதில் கோபப்படவில்லை, உள்பக்கமாக வளைந்தது, இன்னும் வளைந்தது, வேனை எல்லாப் பக்கமும் போர்த்திக்கொண்டது, வாயைச் சுருக்கிட்டு மூடிக்கொண்டது, பிறகு பளிங்கு மாதிரி ஒரு குமிழி எங்கள் முற்றத்தில் வேனோடு உருண்டு வந்து துளசிமாடத்தருகே நின்றது. மதிலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மாமா வேனைவிட்டு இறங்கிக் குமிழிக்குள் நின்று தொடையைத் தட்டினார். "பாத்தியளா? உள்ள வந்துட்டம்லா!"

உச்சி படியிறங்கி வந்து குமிழியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இல்ல மாமா. நீங்க இன்னும் வெளியதான் இருக்கிய."

"என்னட்டி பேசுத, கிறுக்கி? நட்டநடு முத்தத்துல நிக்கேன்."

"உங்களச் சுத்தி இருக்கது மதிலோட வெளிப்பக்கம் மாமா. வெளிய எந்தப் பக்கம் உங்க மீசைல ஒட்டிச்சோ, அதே பக்கம்தான் இப்பவும் ஒட்டுது, பாருங்க. வெளியயே மடிச்சு உள்ள வச்சிருக்கு. அவ்வளவுதான்."

மாமா மீசையைத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரை இருந்தது. இந்த இடத்தில் நான் கைதட்டியிருக்கக் கூடாது என்று பிறகு பலரும் சொன்னார்கள். ஏன் கூடாது? கதவைக் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிட்ட எத்தனை பேர் தங்களை உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

அப்போது பொன்னுத்தாய் அம்மா வேனிலிருந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை, விடிகாலையில் தலைக்குக் குளித்து, நெற்றிவரை வழியும்படி எண்ணெய் வைத்துக் கொண்டை போட்டிருந்தார். எங்கள் வார்டனின் தடை அவர் ஊர்வரை எட்டவில்லை. மகளைப் பார்த்துக் கையை நீட்டினார், கை குமிழிக்கு வெளியே வந்தது, கையின் பின்னால் அவரும் வந்துவிட்டார்.

"எக்கா! எங்க போற?" என்றார் மாமா உள்ளேயிருந்து.

"பிள்ளைய பாத்துட்டு வந்துருதேன் தம்பி, நீங்க இருங்க" என்று அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். மகள் இருக்கும் அறையை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்வையாளர் நேரத்தில் வருவதென்றால் தம்பிக்குத் தோது வேண்டும். கட்டிலைத் தடவினார், மேசையில் உச்சி வரைந்து வைத்திருந்த தவளையின் குடல் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இத நீயா வரைஞ்ச? அச்சடிச்ச மாதிரி இருக்கேட்டி" என்றார். பிறகு, "திங்கக்கிழமை இதத்தான் கேப்பாங்களா?" என்றார். "கேப்பாங்கம்மா" என்றாள் உச்சி.

கீழே குமிழி மெஸ் பக்கமாக உருளத் தொடங்கியிருந்தது. மெஸ் சமையலறையிலிருந்து புளித்தண்ணீர் நிறைந்த இன்னொரு சின்னக் குமிழி கிளம்பி வந்து அதோடு ஒட்டியது, இரண்டும் ஒன்றாகிக் கொதித்தன. எங்கள் மெஸ் சாம்பாரில் செரிக்காத பொருள் உலகத்தில் இல்லை. வாழைத்தார் சீப்புச்சீப்பாகப் பிரிந்து எங்கள் பக்கம் வந்தது, தட்டிலிருந்த லட்டும் கல்கண்டும் வந்தன, மல்லிகைப்பூ வந்தது, டிரைவர் வந்து நேராகப் பந்தியில் உட்கார்ந்தார். மாமாவைக் குமிழி வெகுநேரம் வைத்துப் பார்த்தது. முதலில் வேட்டியின் கஞ்சி கரைந்தது, பிறகு மீசையின் முறுக்கு கரைந்தது, குரலில் இருந்த அதட்டலும் பாதி கரைந்தது, அதற்குமேல் அவரில் எங்களுக்கு வேண்டியது ஒன்றும் கிடைக்காததால் குமிழி பின்மதிலோடு போய்ச் சேர்ந்து, வாய் திறந்து, மாமாவையும் வேனையும் எச்சில் இலைகள் கொட்டும் இடத்தில் வெளியே விட்டது.

விடுதியே ஆரவாரம் செய்தது. நான் நாற்காலிமேல் ஏறிப் பேசத் தொடங்கினேன். உச்சி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்குட்டி. நான் வெளிய போய்ட்டு வாரேன்."

"எதுக்கு? மதிலே சொல்லிட்டுல்லா?"

"அது சொன்னது அதோட சோலி. நாளைக்கே இது பழையபடி கல்லாயிட்டுன்னா? ஒவ்வொரு தடவையும் மதில் வந்து பேசுமா எனக்கு?"

வாதத்தில் தோற்றால் எனக்குக் கோபம் வரும், வந்தது, அதற்குள் அவள் டீ குடித்து முடித்த அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் கேட்டின் வழியே வெளியே போய்விட்டாள்.

நாங்கள் எல்லோரும் பின்மதிலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். வார்டனும், மாடியிலிருந்து இறங்கி வந்த பொன்னுத்தாய் அம்மாவும் நின்றார்கள். மதில் வழியே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாமா, நான் வரல. திங்கக்கிழமை பரீட்சை எழுதணும். அதுக்கப்புறம் மேல படிக்கணும். எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது நடுவில் சவ்வு இல்லை, சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெளிய வந்துட்டல்லா? ஏறு வண்டில. எம்மா, வார்டனம்மா! நீங்கதான போன்ல சொன்னிய, கார்டியன் வந்தா அனுப்பணும்னு? இந்தா வந்திருக்கேன். நீங்களே சொல்லுங்க இவளுக்கு."

வார்டன் வாயைத் திறந்தார். எனக்கு அந்த வாயைத் தெரியும், அதிலிருந்து என்ன வரும் என்றும் தெரியும், அதனால் நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், பெத்த அம்மா உள்ள நிக்கும்போது மாமா எப்படி மேடம் கார்டியன் ஆவாரு?"

வார்டன் வாயை மூடினார். கண்ணையும் மூடினார். அவர் ரூல்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பினார்.

"அம்மா என்ன சொல்லுதீங்க?"

எல்லோரும் பொன்னுத்தாய் அம்மாவைப் பார்த்தோம். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பக்கத்தில் நின்றவள் "உங்களத்தான் கேக்காங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலருகே வந்தார், இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார். மதில் ஒருதரம் சிலிர்த்தது.

"ஏல வன்னியா" என்றார். "பிள்ளை கைய விடுல."

மீசை முளைத்த நாளிலிருந்து அவரை யாரும் 'ல' போட்டுக் கூப்பிட்டதில்லை. மாமா கையை விட்டார். விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு இலைக் குப்பைக்கு நடுவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"மதில் முழுங்கித் துப்பிட்டுன்னு சொல்லு."

"நம்புவாவளா?"

"நடந்ததச் சொல்லுததுக்கு என்னல? போ, போய்ச் சொல்லு. நான் திங்கக்கிழமை பிள்ளை பரீட்சை எழுதின பிறகு வாரேன்."

மாமா போய்ச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள், காரியம் புரிந்தவர்கள். மதில் முழுங்கினால் யார்தான் என்ன செய்ய முடியும் என்று அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, தங்கள் ஆலையின் மதில் எப்படி இருக்கிறது என்று ஆளனுப்பித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம்.